அற்புதமணியின் இடுப்புக் கயிறு

தூத்துக்குடி
8-10-1974

சேசு மரி சூசை துணை. (மேலே சிலுவை போட மறந்துவிட்டேன். போட்டதாக வைத்துக்கொள்.)

அன்புள்ள மருமகள் மரியசெல்விக்கு, உன் தாய்மாமன் வில்பிரட் மச்சாது எழுதுவது.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஜூன் மாதம் நீ மெட்ராஸுக்கு ரயில் ஏறும்போதே பிளாரன்ஸ் மாமியிடம் சொன்னேன். "ஏளா, பார்த்துக்கிட்டே இரு. காலாண்டு லீவுக்கு இவ வருவா. பிள்ளை இவகிட்ட போவாது. இவ கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் முந்தியே பெட்டியத் தூக்குவா." நாள் கணக்குக்கூடத் தப்பவில்லை. மாமியைக் கேட்டுப் பார். இல்லை என்றுதான் சொல்லுவாள், அவளுக்கு ஞாபகசக்தி கிடையாது.

மணிக்கு இரண்டே கால் வயது. நாலு மாதம் கழித்து நீ வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? மாமியின் சேலைக்குள் ஒளிந்தாள். மாமியை "அம்மா" என்று கூப்பிட்டாள். சோறு ஊட்டுகிறவளை அப்படிக் கூப்பிட்டால் அது குற்றமா? என்னைக்கூடத்தான் "பாட்டா" என்கிறாள். நாற்பத்தாறு வயதுக்காரன் பொறுத்துக்கொள்ளவில்லையா?

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. கயிற்றுக்காக. நீ வந்து இறங்கிய அன்று பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "எம் பிள்ளை என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கத்தினாயே, தெரு முழுக்கக் கேட்டது. கடைக்கார அண்ணாச்சி கணக்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

நீ பட்டணத்தில் டீச்சர் வேலைக்கு பி.டி. படிக்கிறாய். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் அந்த ஐந்தாம் வகுப்பு வாத்தியார், "வில்பிரட், இனி உனக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணும் இல்லலே" என்று சொல்லித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார். அதனால் சொல்கிறேன், கேள். நம் வாசலில் விடிந்தது முதல் உப்பு லாரி போகிறது. கேட்டின் கம்பிகளுக்கு நடுவே மணி தலையை விட்டுப் பார்க்கிறாள். மாமி அடுப்படியில். நான் தோணிக்குப் போகாத நாளில் நடையில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடுகிறவன். கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை என் கால் பெருவிரலில். அவள் இரண்டு தரம் இழுத்தால் நான் இரண்டு தரம் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து விரலைக் கடிப்பாள். இதற்குப் பெயர் கட்டிப் போடுவது இல்லை. இது தொழில்.

உன் அப்பா சங்கு குளித்த காலத்தில் அவருடைய கயிறு யார் கையில் இருந்தது? பெண்டாட்டியின் கூடப் பிறந்தவனிடம்தான் குளிக்கிறவன் கயிற்றைக் கொடுப்பான். வேறு எவனையும் நம்ப மாட்டான். தன் அக்காள் தாலி இழக்க எவன் கையை விடுவான்? அப்படிப் பதினோரு வருஷம் பிடித்த கை இது. 61ஆம் வருஷ முத்துக்குளிப்பில் என் கையை மட்டும் ஒரு வெள்ளைக்காரன் போட்டோ பிடித்துக்கொண்டு போனான்.

நீ அவிழ்த்ததும் மணி கத்தியது கயிறு போயிற்றே என்றுதான். உன்னைக் கண்டு இல்லை. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினேன்.

துறைமுகமே அறிந்த உன் மாமா,
வில்பிரட் மச்சாது


மெட்ராஸ்
14-10-1974

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இதெல்லாம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்றால் எனக்கும் ஒரு கார்டு போட்டிருக்கலாமே. மாமியிடம் மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்?

நான் கத்தியது தப்புதான். தெருவில் கேட்டிருக்கும். அண்ணாச்சியிடம் வருத்தம் சொல்லிவிடுங்கள்.

கயிற்றுக்காக மட்டும் நான் கிளம்பி வரவில்லை. நாலாம் நாள் காலையில் மணிக்குச் சட்டை மாட்டக் கையை நீட்டினேன். அவள் அழவில்லை. வெளியாள் வீட்டில் பலகாரம் நீட்டினால் வேண்டாம் என்று பின்னால் நகர்வோமே, அப்படி மரியாதையாக ஓர் அடி நகர்ந்தாள். அழுதிருந்தால் மிச்ச இரண்டு நாளும் இருந்திருப்பேன். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை மாமா.

இங்கே குழந்தை மனவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு வயதில் தாயைப் பிரிந்த பிள்ளைகளைப் பற்றி அதில் ஆறு பக்கம். வகுப்பில் அந்த ஆறு பக்கத்தையும் நடத்தும்போது நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம் கல்யாணம் ஆகாதவர்கள். நன்றாகக் குறிப்பு எடுத்தார்கள்.

யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த மாதத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வருகிறேன். மணியின் அப்பாவுக்கும் கப்பல் விலாசத்துக்கு எழுதிவிட்டேன். பதில் வர இரண்டு மாதம் ஆகும், அதற்குள் நான் அங்கே இருப்பேன். ஒரு தரம் நிறுத்தினால் மறுபடி சீட்டு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் கிடைக்காமல்தானே இவ்வளவு தூரம் வந்தேன். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் வருவதற்குள் அந்தக் கயிற்றைத் தூர எறிந்துவிடுங்கள்.

மரியசெல்வி


தூத்துக்குடி
19-10-1974

சேசு மரி சூசை துணை. சிலுவை இந்தத் தடவை போட்டுவிட்டேன், பார்.

ஏளா செல்வி, அவசரப்பட்டுப் பெட்டியைக் கட்டாதே. தோணியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல்காரன் சரக்கை இறக்காமல் மூன்று மணி நேரமாக எங்களைக் காக்க வைத்திருக்கிறான். கையெழுத்து அலையில் ஆடினால் என் மேல் குற்றம் இல்லை.

நீ போன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரிந்தால் படிப்பை நிறுத்துகிறேன் என்று எழுதியிருக்க மாட்டாய். நானே சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மணி தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கயிற்றைத் தேடுகிறாள். இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போகிறாள். முனையைக் கம்பிக்கு வெளியே தள்ளுகிறாள். தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து, இரண்டு தரம் இழுக்கிறாள். இழுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். முதல் நாள் நான், "யாரு மக்கா அங்கன?" என்று கேட்டேன். "அம்மா" என்றாள். "இழுத்தா வருவாளா?" என்றேன். "வருவா" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

உப்பு லாரி டிரைவர் காசிலிங்கம் இதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கினான். "அண்ணாச்சி, எவ்வளவு பெரிய அறிவு இந்தப் பிள்ளைக்கு" என்று தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் பின்னால் நாலு லாரி நின்றது, ஒருவனும் ஆரன் அடிக்கவில்லை.

கவனி. அவள் அழுவதில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்து சோறு கேட்கிறாள். குழம்பில் இருக்கிற சாளை மீனைக் காரம் போகக் கழுவிச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் ஒரு கிண்ணம் போகிறது. மெட்ராஸ் தூரம் என்று அவளுக்குத் தெரிகிறது, இழுத்த இழுப்புப் போய்ச்சேர நாள் ஆகும் என்று தெரிகிறது. தெரிந்துதான் பொறுமையாக இருக்கிறாள். உன்னிடம் வராமல் போனது கோபம். கோபம் யார் மேல் வரும்? சொந்தக்காரி மேல்தானே. நான் இதையும் எதிர்பார்த்தேன்.

நீ பாதியில் வந்து நின்றால் அவளிடம் நான் என்ன சொல்லுவேன்? டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு.

மாமா


மெட்ராஸ்
26-10-1974

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெட்டியும் கட்டிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவிழ்க்கவா வேண்டாமா என்பது உங்கள் பதிலில்தான் இருக்கிறது. அதனால் நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

என்றைக்கு முதலில் செய்தாள்? தானாகச் செய்தாளா, நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? அம்மா என்று சொன்னாள் என்கிறீர்கள். எந்த அம்மா? மாமியையும் அவள் அப்படித்தானே கூப்பிடுகிறாள். மாமி உள்ளே இருக்கும்போது வெளியே இருக்கிற அம்மா நான்தான் என்று எப்படித் தெரிந்தது? மாமி இதைப் பார்த்தார்களா? நான் வந்து போனதைப் பற்றி வேறு ஏதாவது பேசுகிறாளா?

மாமா, நீங்கள் வழக்கமாகச் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம். அம்மா உயிரோடு இருந்தவரை அப்படித்தான் சிரித்துக்கொண்டே கழிப்பாள். நாலு லாரியை நானும் கழித்துவிட்டேன். காசிலிங்கத்தின் கண்ணீரையும் கழித்துவிட்டேன். பிள்ளை கயிற்றை வெளியே தள்ளினாள், இழுத்தாள், காத்திருந்தாள் என்பது மட்டும் மிச்சம் இருக்கிறது. அது எனக்குப் போதும். அதையும் கழிக்கவேண்டி வந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

செல்வி


தூத்துக்குடி
3-11-1974

சேசு மரி சூசை துணை.

செல்வி, வக்கீல் நோட்டீஸ்கூட இவ்வளவு கேள்வி கேட்காது.

நீ போன மூன்றாம் நாள், திங்கட்கிழமை. தானாகச் செய்தாள். எந்த அம்மா என்று நானும் உன்னைப்போலவே கேட்டேன், எனக்கும் சைக்காலஜி தெரியும். "மெட்ராஸ் அம்மா" என்றாள். மாமி பார்க்கவில்லை, நாலு மணிக்கு மாமி தூக்கம். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்பது உனக்கே தெரியும். நீ கழித்ததெல்லாம் சரி. மிச்சத்தைக் கழிக்க வேண்டாம்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் அம்மா அப்பா கல்லறைக்கு மணியையும் தூக்கிக்கொண்டு போனோம். நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன், அவள் ஊதி அணைத்தாள். மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைத்தாள். பிறந்தநாள் கேக் என்று நினைத்துவிட்டாள். ஆறாவது தடவை மாமி அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் பக்கத்துக் கல்லறை மெழுகுவர்த்தியையும் இரண்டு ஊதிவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் நம்மிடம் பேசவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் கீழே உட்கார்ந்து சிரித்திருப்பார்.

மழை தொடங்கிவிட்டது. உப்பளத்தில் வேலை இல்லை, லாரிகள் குறைவு. புது துறைமுகத்தில் ஆழம் பார்க்க டெல்லியிலிருந்து வந்த இன்ஜினியர், மிஷினை வைத்துவிட்டு என்னிடம்தான் கேட்டான். நான் காலை விட்டுப் பார்த்துச் சொன்னேன்.

பெட்டியை அவிழ். கிறிஸ்துமஸுக்கு வா.

மாமா


மெட்ராஸ்
7-1-1975

அன்புள்ள மாமாவுக்கு,

ஊரில் இருந்தபோது உங்களிடம் நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மாமிக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதல் நாலு நாளும் பழைய மாதிரியே இருந்தது, நீங்களும் பார்த்தீர்கள். கிறிஸ்துமஸ் காலையில் குடிலில் இருந்த இரண்டு ஆட்டைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, வீடே தேடும்போது நம்மோடு சேர்ந்து தேடினாளே, அப்போது நான் சிரித்தேன். உடனே அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இருபத்தெட்டாம் தேதி நீங்கள் தோணிக்குப் போயிருந்தீர்கள். மாமி தூங்கிக்கொண்டிருந்தார்கள். கயிறு நடையில் ஆணியில் தொங்கியது. எடுத்தபோது கையெல்லாம் தூசி. தினமும் புழங்குகிற கயிறு மாதிரி இல்லை. மாமி எழுந்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு கேட்கவில்லை.

ஆட்டுக்குட்டியா என்று கத்தியவளே அதை மணியின் இடுப்பில் கட்டினேன். மறுமுனையை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு, அவள் கண்ணில் படாமல் மதில் ஓரமாகத் தெருவில் உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணாச்சி, "என்னம்மா, எதுவும் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு தரம் இழுத்தேன். ஒன்றும் இல்லை. ஒரு லாரி போயிற்று. மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தது மாமா. தூண்டிலில் பொடிமீன் தொட்ட மாதிரி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் இரண்டு இழுத்தேன், அவள் இரண்டு இழுத்தாள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். கம்பிக்கு நடுவே அவள் கை வந்தது. கயிற்றின் மேலேயே நகர்ந்து என் விரலைத் தொட்டது. விரலைப் பார்த்தாள். அப்படியே கை வழியாக மேலே பார்த்துக்கொண்டு வந்து முகத்தில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் சிரித்தாள்.

மறுநாள் முயல்தீவுக்குப் போனபோது படகில் அவள் என் மடியில்தான் இருந்தாள் என்பதை நீங்கள் பார்த்தீர்கள். கட்டுச்சோற்றில் பாதி என் சேலையில். அந்தச் சேலையை இன்னும் துவைக்கவில்லை.

மூன்றாம் தேதி ஸ்டேஷனில் பலூனை ஆட்டிக்கொண்டு டாட்டா காட்டினாள். நான்தான் திண்டுக்கல் வரை அழுதேன்.

உங்கள் அக்டோபர் கடிதம் இல்லாவிட்டால் நான் அந்தக் கயிற்றைத் தொட்டே இருக்க மாட்டேன். அவள் எப்படி இருக்கிறாள்? நாலு மணிக்கு வழக்கம்போல இழுக்கிறாளா?

செல்வி


தூத்துக்குடி
20-1-1975

செல்விக்கு. நலம். மணி ஜாலியாக இருக்கிறாள். சாப்பாடு பரவாயில்லை. மாமிக்கு லேசாக மூட்டு வலி. மக்ரூன் ஒரு பெட்டி பக்கத்து வீட்டு தேவகனியின் மகன் மெட்ராஸ் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன், உடையாமல் வந்தால் உன் அதிர்ஷ்டம். புது துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்தது. நன்றாகப் படி. கார்டில் இதற்கு மேல் இடம் இல்லை.

மாமா


மெட்ராஸ்
10-3-1975

அன்புள்ள மாமாவுக்கு,

மக்ரூன் பாதி தூளாக வந்தது. தூளையும் தின்றோம். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து இரண்டே கார்டு. நீங்கள் கார்டில் எழுதி நான் பார்த்ததில்லை. வேலை அதிகமோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. நன்றாக எழுதுவேன் என்று நம்பிக்கை இருக்கிறது. ஒரு விஷயத்தில் உங்கள் வார்த்தை வேண்டும்.

நான் பயிற்சிக்குப் போகிற பள்ளிக்கூடத்திலேயே ஜூன் முதல் வேலை தருகிறேன் என்கிறார்கள். தங்குவதற்கு ஹாஸ்டலில் அறை, சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. ஹாஸ்டலில் என் பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருஷம் அப்படி இருந்தால் நிரந்தரம் ஆகும், பிறகு வீடு பார்த்து மணியைக் கூட்டிக்கொள்ளலாம். அவரும் அதற்குள் கப்பலை விட்டு இறங்கிவிடுவார். நம் ஊரில் கேட்டுப் பார்த்தேன். ஒரு டீச்சர் பிரசவ லீவில் போகிறாராம், நாலு மாதத்துக்கு ஆள் வேண்டுமாம். அதற்குப் பிறகு உறுதி இல்லை என்கிறார்கள்.

அந்த ஆறு பக்கம் எனக்கு மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் இருக்கிற பிள்ளை வேறு, என் பிள்ளை வேறு. அவள் அக்டோபரில் என்ன செய்தாள்? இழுத்தாள், காத்திருந்தாள், எழுந்து வந்து சோறு கேட்டாள். நான் போய்விட்டால் உடைந்துபோகிற பிள்ளை இல்லை. அந்தப் பொறுமை என்னிடம் இல்லை. அவளைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் அவள் தாங்குவாள் என்றால் அந்த ஒரு கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் இருவருக்கும் அவள் இருப்பதில் சந்தோஷம் என்பதும் எனக்குத் தெரியும். இருபத்தைந்தாம் தேதிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

செல்வி


தூத்துக்குடி
15-3-1975

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்றே "சரி" என்று எழுதி ஒட்டிவிட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். திரும்பி வந்து கிழித்தேன். மறுநாளும் ஒன்று எழுதினேன். துறைமுகத்தில் இவ்வளவு கடிதம் எழுதிய தோணித் தண்டல் வேறு எவனும் கிடையாது.

மாமிக்கு நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இன்னும் ஒரு வருசந்தானே, இருக்கட்டுமே" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் அதே ஆசைதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். முதலில் நீ இருந்தாய், இப்போது மணி. இதை எழுதும்போதே என் மடியில்தான் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்குகிறாள். இந்த வரியின் கிறுக்கல் அவளுடையது.

ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். இதில் லாரியும் கிடையாது, இன்ஜினியரும் கிடையாது.

உன் ரயில் போன மறுநாள் நாலு மணிக்கு மணி எழுந்தாள். கயிறு இருந்த ஆணிக்கு நேரே போய் நின்று, "தா" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். முனையைக் கம்பிக்கு வெளியே தள்ளினாள். நீ இந்தப் பக்கம் அவளுக்குக் கட்டிவிட்டு எங்கே உட்கார்ந்தாயோ அந்த மதில் ஓரத்தை நோக்கித் தள்ளினாள். இரண்டு தரம் இழுத்தாள். காத்திருந்தாள். மறுபடி இழுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய், மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் இழுத்தேன். அவள் பதிலுக்கு இழுத்த வேகத்தில் என் கை எரிந்தது. ஓடி வந்தாள். கம்பிக்கு நடுவே கை வந்தது, என் விரலைத் தொட்டது. விரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே கயிற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை செல்வி. நீ எழுதினாயே, மரியாதையாக ஓர் அடி நகர்ந்தாள் என்று. அப்படித்தான்.

மறுநாளும் செய்தாள். நான் கிட்டே போகவில்லை. ஒன்பது நாள் செய்தாள். பத்தாம் நாள் எழுந்ததும் ஆணிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இன்றைக்கும் அந்த ஆணியைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். சாப்பாடு பரவாயில்லை என்று கார்டில் எழுதினேன். முதல் வாரம் அரைக் கிண்ணம்கூட இறங்கவில்லை. இப்போது சாப்பிடுகிறாள், அது உண்மை. விளையாடுகிறாள், அதுவும் உண்மை.

இன்னொன்று. ஜனவரிக்குப் பிறகு மாமியை அவள் "அம்மா" என்று கூப்பிடுவதில்லை. நான் கூப்பிடுவதைக் கேட்டு "ஏளா" என்று கூப்பிடுகிறாள். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தவள் அன்று ராச்சாப்பாடு சாப்பிடவில்லை.

அதனால் ஒரு வருஷம் விட்டுவிட்டுப் போகாதே. ஊருக்கு வந்து அந்த நாலு மாத வேலையைப் பார். இல்லை, மெட்ராஸ் வேலைதான் வேண்டும் என்றால் ஹாஸ்டல் அறை வேண்டாம் என்று சொல்லி வெளியே ஓர் அறை எடு. நீ பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு மாமி வந்து மணியோடு இருப்பாள். மாமியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் முதலில் திட்டுவாள், பிறகு துணியை எடுத்து வைப்பாள். எனக்குச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. துறைமுக வாசலில் ஓட்டல் இருக்கிறது, முதலாளி என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். நிற்காவிட்டாலும் சோறு போடுவான்.

அக்டோபரில் தாங்கினாளே, இப்போதும் தாங்குவாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அக்டோபரில் அவள் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. நீ யார் என்று அவளுக்குத் தெரியாது. டிசம்பரில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் ஜனவரி வந்தது.

தோணியில் கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரே வேலைதான். தண்ணீருக்குள் இருக்கிறவன் இழுத்தால் இழுத்தான் என்று சொல்ல வேண்டும். இழுக்காவிட்டால் இழுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். தன் ஆசைக்குச் சொல்லக் கூடாது. உன் அப்பாவுக்கு அதைப் பதினோரு வருஷம் சரியாகச் செய்தேன். உனக்குச் செய்யவில்லை.

நீ அக்டோபரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மத்தியானமே கயிற்றைச் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டேன். டிசம்பரில் நீ வருகிறாய் என்று தந்தி வந்த பிறகுதான் இறக்கினேன். நடுவில் அவள் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நாலு மணிக்குக் கேட்டுக்குப் போனது, "மெட்ராஸ் அம்மா" என்றது எல்லாம், நீ படிப்பை நிறுத்திவிடுவாயே என்று தோணியில் உட்கார்ந்து நான் எழுதியது. அந்த மாதம் மணி இழுக்கவே இல்லை.

மாமா